வேப்பிலை கட்டிய வகுப்பறை

பிள்ளைகள், நாளைக்கு நம் வகுப்பில் உங்களுக்கு இன்புளுவன்சா தடுப்பூசி. காய்ச்சல் வருமா என்று கேட்டீர்கள். வந்தாலும் வரும். என் கதையைக் கேளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அகதிகளாகத் தங்கியிருந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது. அண்ணனைக் கடல் கொண்டுபோயிருந்தது; உடல் கிடைக்கவில்லை. அம்மா தினமும் விடிந்ததும் அவனுடைய சட்டையொன்றை எடுத்துக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்ட், பரவாமலிருக்க எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். அன்று பின்னேரமே எனக்கு உடம்பு சுட்டது, கை நொந்தது. அம்மாள் வந்துவிட்டா, இது அம்மை நோய்தான் என்று அம்மா பயந்து, வகுப்பறை வாசலில் வேப்பிலை கட்டினார். வேப்பிலை கட்டினால் தாய் வெளியே போகக்கூடாது. அடுத்தநாள் அம்மா என் பக்கத்திலேயே இருந்தார். எனக்கு அது பிடித்துப்போனது. நோவு கொஞ்சம், முனகல் நிறைய.

விடுபட்டிருந்த தங்கச்சிக்கு ஊசி போட மிட்வைப் மிஸ் வந்தார். அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஒரு புள்ளயக் கடலுக்குக் குடுத்துட்டன் மிஸ். இத ஊசிக்குக் குடுக்க ஏலா."

மிஸ் கோபிக்கவில்லை. என் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேப்பிலை கிடக்கட்டும் கா. அம்மாள் முத்து ஒண்டும் போடல்ல. ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கை நோகும், காய்ச்சலும் காயும். முகம் வீங்கினா, மூச்சு முட்டினா உடனே என்னக் கூப்பிடுங்க. பக்கத்து அறையில ஒரு புள்ள நெருப்புக்காய்ச்சலில கிடக்கு, அதுதான் எனக்குப் பயம்."

பிறகு என்னிடம் கேட்டார்: "மனே, உண்மையச் சொல்லு. எவ்வளவு நோகுது?"

அம்மாவும் என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் அம்மா எழும்பிப் போய்விடுவார். சொல்லாவிட்டால் தங்கச்சிக்கு ஊசி இல்லை.

"கொஞ்சம்தான் மிஸ். நான் சும்மாதான் முனகினன்."

"அடேய் கள்ளா!" அம்மா சிரித்தே விட்டார். கடல் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். தங்கச்சியை மடியில் வைத்து, ஊசிக்குக் கையைப் பிடித்துக்கொடுத்தார்.

அடுத்தநாள் வேப்பிலையைக் கழற்றிவிட்டு, சட்டையோடு கடற்கரைக்குப் போனார். எங்களைவிட அண்ணனில்தான் அம்மாவுக்கு விருப்பம் என்று நினைத்தேன். அந்தச் சட்டையைக் காட்டி என்ன விசாரித்தார், எதையெல்லாம் புரட்டிப் பார்த்தார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

எனக்குக் காய்ச்சல் முழுதாக விட்டிருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் மைதானத்துக்குப் போய் வெயிலில் நின்றேன். நெற்றி சுடுகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.