இறுதிப்போட்டிக்குச் சாயம் போட்டவன்

உப்புவெளியில் மீனுக்கு ஐஸ் வாடி போட்டவன் நான். கடற்கரையோரம் வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிற இரண்டு மாடி விடுதியும் என்னுடையது. படகு என்ஜின் திருத்துகிற பட்டறையில் இன்றைக்கு ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு வந்தவர்கள். நான் ஆறாம் வகுப்பு. ஒரு முறை கடலே எழும்பி வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. அதே இடத்தில், அதே அத்திவாரத்தில், திரும்பவும் கட்டினேன். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்து மைதானத்தைச் சுற்றி நிற்கிற மதில், தண்ணீர்த் தாங்கி, இரும்புக் கோல் கம்பங்கள், எல்லாம் நான் கட்டிக்கொடுத்தவை. ஏலாது என்று எனக்குச் சொன்னவர்களின் பெயரை எழுதத் தொடங்கினால் இந்த மலரில் பக்கம் போதாது. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கழகத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பிள்ளைகள் வந்தார்கள். தாங்கள் எழுதி வைத்திருந்த கழக வரலாற்றையும் காட்டினார்கள். அதில் ஒரு வரி இருந்தது. நாட்டுச் சூழ்நிலை காரணமாக அவ்வருட இறுதிப்போட்டி நடைபெறவில்லை என்று. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன். அந்த வரி பிழை. சூழ்நிலை எல்லா ஆட்டத்துக்கும்தான் வந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஆட்டம் நடந்தது. இறுதிப்போட்டியைக் குழப்பியவன் நான். எனக்கு அப்போது பதினொரு வயது.

சண்டைக்காலம். எங்கள் கரையில் இரண்டு கழகங்கள் இருந்தன. கோயிலடிக்காரர் மஞ்சள், வாடியடிக்காரர் நீலம். நடுவில் ஒரு பனங்காணியும் ஒரு பழைய பெனால்டிச் சண்டையும். அந்தப் பெனால்டிக்குப் பிறகு இரண்டு பக்கமும் பெண் எடுத்ததில்லை, கொடுத்ததில்லை. ஆனால் அந்த வருடம் எண்ணிப் பார்த்தால் கோயிலடியில் ஏழு பேர், வாடியடியிலும் ஏழு பேர். மற்றவர்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சிலர் வள்ளமேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனார்கள். சிலர் கொழும்பில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் அறையில் கிடந்தார்கள். சிலரைப் பற்றி அவர்களுடைய அம்மாமாரே கதைப்பதில்லை. ஏழு பேரை வைத்து எந்தக் கழகமும் லீக் ஆட முடியாது. இரண்டையும் சேர்த்தால் பதினான்கு. இந்தக் கணக்கை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி, கோயிலடியின் கோல் காப்பாளர். சொன்ன அன்று அவருக்கு இரண்டு பக்கத்திலும் ஏச்சு விழுந்தது.

ஆனாலும் சேர்ந்தார்கள். சேர்ந்து ஆடியதைப் பார்க்க வேண்டும். கோயிலடியான் வாடியடியானுக்குப் பந்து கொடுக்கமாட்டான். முதல் ஆட்டத்தில் எங்கள் ஆளை எங்கள் ஆளே விழுத்தினான். "டேய், அவன் இப்ப நம்மட ஆளடா!" என்று மாமா கோலுக்குள் நின்று கத்த, விழுத்தினவன் திரும்பி, "தெரியும் மச்சான், கால் பழகிப்போச்சு" என்றான். ஏழு பேர் மஞ்சள், ஏழு பேர் நீலம். இரண்டு நிறத்தில் ஒரு ரீம் ஆடுவதை நடுவர் பார்த்தும் பார்க்காமல் விட்டார். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எல்லோரும் புல்லில் குப்புறப் படுப்பார்கள், நடுவரும் விசிலைக் கடித்தபடி. சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். பந்து இராணுவத்தின் காவல் சென்றிப் பக்கம் போய்விட்டால் ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்து போய் எடுத்து வர வேண்டும். ஐந்து மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்தன்றும் அம்மா படலையில் நின்று, சைக்கிள்களை ஒவ்வொன்றாக எண்ணுவாள். மாமாவின் சைக்கிள் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

இப்படி ஆடி ஆடி இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரி பட்டணத்துக் கழகம். அவர்களும் நீலம். இந்த முறை நடுவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஒரே நிறத்தில் வந்தால்தான் ஆட்டம். மஞ்சளுக்கு வாடியடி சம்மதிக்காது. புதிது தைக்கத் துணி வராது. மாமா எங்கேயோ தேடிப் பிடித்து இரண்டு பைக்கற் பச்சைச் சாயப்பொடி கொண்டுவந்தார். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதானே, ஒருவருக்கும் நட்டமில்லை என்றார். ஆனால் ஆட்டத்துக்கு முதல்நாள் அவர் அனுமதிக் கடிதத்துக்கு இராணுவ முகாம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அம்மா கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போய்விட்டாள்.

"நான் போடுறன் மாமா" என்றேன்.

"உனக்குத் தெரியுமோ?"

"வலைக்குப் போடுறதைப் பாத்தனான்தானே."

அந்தக் காலத்தில் பாய்ச்சீலைக்கும் நூல் வலைக்கும் மரப்பட்டை அவித்த சாயம் போடுவார்கள். மண்ணிறமாகப் பிடிக்கும், கடலில் போகாது. முதலில் பச்சைப்பொடியைக் கரைத்துப் பார்த்தேன். பதினான்கு சட்டைக்குத் தண்ணீர் காட்டியதுபோல வெளிறிக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கரையில் வலை வைக்கிற வாடியில் மிஞ்சிக் கிடந்த பட்டைச் சாயக்கட்டியை உடைத்துப் போட்டேன். விறகை மிச்சம் பிடிக்க, பதினான்கையும் ஒரே அரைப் பீப்பாவுக்குள் அடைத்தேன். கிண்ட இடமில்லை. மடிந்த இடம் ஒரு மாதிரி, விரிந்த இடம் ஒரு மாதிரி பிடித்தது. எடுத்து உதறியபோது கடும்பச்சை, மண்ணிறம், இளம்பச்சை என்று திட்டுத் திட்டாக இருந்தது. துறைமுகத்துக் கல்லில் பாசி பிடித்த மாதிரி. அப்படி அழகான சட்டையை நான் அதுவரை பார்த்ததில்லை. பதினொரு வயதில் ஒரு ரீமையே உடுத்திவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றது.

வாடிக்குள் கயிறு கட்டிக் காயவைத்து, மடித்து, மாச்சாக்கில் போட்டு, வாயை வலைமுடிச்சால் கட்டினேன். மாமா வந்து, "எங்க, காட்டு பாப்பம்" என்றார். காட்டியிருக்கலாம். அம்மாவும் கேட்டாள். நான் சாக்கின் மேல் ஏறி இருந்துகொண்டு, மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால்தான் அவிழ்ப்பேன் என்றேன். எனக்குக் கைதட்டு வேண்டியிருந்தது.

"சரி பெரியவர்" என்று மாமா சிரித்தார். அவர் கையில் அனுமதிக் கடிதம் இருந்தது. அந்தக் கடிதம் கிடைத்ததே பெரிய விஷயம் என்ற களிப்பு.

மறுநாள் மத்தியானம் புறப்பட்டோம். சாக்கு மாமாவின் சைக்கிள் கரியரில், நான் பாரில். பின்னால் மற்றவர்கள். எல்லோரும் சாரத்தோடும் வெள்ளைச் சேட்டோடும்; சென்றிக்கு முன்னால் கலர் போடாமல் போவதுதான் பழக்கம். சந்திச் சென்றியில் ஒரு சிப்பாய் நிற்பான், பந்துப் பைத்தியம். திரும்பி வரும்போதெல்லாம் எத்தனை கோல் என்று கேட்பான். மாமாவின் பொதியை அவன் திறந்து பார்த்ததே இல்லை.

"இண்டைக்கி பைனல் நே?" என்றான். "புதுச் சேட்டா? பாக்க ஏலுமா?"

அவன் பார்க்கக் கேட்டது சோதனைக்கு அல்ல, ஆசைக்கு. நான் பாரிலிருந்து குதித்தேன். முடிச்சை நானே அவிழ்த்தேன். புடைவைக் கடைக்காரன் சேலை விரிப்பதுபோல ஒரு சட்டையை எடுத்து உதறி, அவன் முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

சிப்பாயின் சிரிப்பு நின்றது. தன் சீருடைச் சட்டையைக் குனிந்து பார்த்தான்; அதிலும் அதே திட்டுகள். என் கையிலிருந்ததைப் பார்த்தான். "போடு, போடு, உள்ள போடு" என்று மெல்லச் சொன்னான். எனக்கு விளங்கவில்லை. இன்னும் உயர்த்திப் பிடித்தேன். அதற்குள் உள்ளேயிருந்த அவர்களுடைய பெரியவன் எழும்பிவிட்டான். பின்னால் வந்துகொண்டிருந்தவர்களின் சைக்கிள் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

சாக்கைக் கவிழ்த்தார்கள். பதினான்கும் தார் ரோட்டில் விழுந்தன. யார் செய்தது இது, எங்கே செய்தது, யாருக்கு, இயக்கத்துக்கா என்று பெரியவன் கேட்டான். மாமாவின் கை என் தோளில் இருந்தது. விரல்கள் இறுகுவது தெரிந்தது.

"நான்தான் சேர். நான்தான் சாயம் போட்டனான். பிழையாப் போச்சு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை.

"இல்லை! மாமா பொய் சொல்லுறார்! நான்தான்…"

கன்னத்தில் விழுந்தது. மாமா என்னை அதற்கு முன் ஒரு நாளும் அடித்ததில்லை. "சின்னப் பொடியன் சேர். தனக்குப் பெயர் வரவேணுமெண்டால் எதையும் சொல்லுவான்" என்றார். மாமாவைக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டணத்துக் கழகம் மைதானத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனதாம். இறுதிப்போட்டி நடக்காதது இதனால்.

வாடியடியான் ஒருவன்தான் என்னைத் தோளில் தூக்கி வந்தான். வழி முழுக்க அழுதேன். மாமாவுக்காக அழுதேன் என்று அவன் நினைத்திருப்பான். உண்மையை எழுதுகிறேன்: என் சாயத்தை மாமா தன் பெயருக்கு எடுத்துக்கொண்டாரே என்றுதான் அழுதேன்.

வீட்டில் அம்மா அரைப் பீப்பாவை இழுத்துப் போய்க் கடலுக்குள் தள்ளினாள். சாயத் தண்ணீர் ஊற்றி முற்றத்து மண் பச்சையாகக் கிடந்தது. மண்வெட்டியால் அதைச் சுரண்டிச் சுரண்டி, கடகத்தில் அள்ளி, அதையும் கடலில் கொட்டினாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை இருந்தது. தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டு இரத்தம் கசியும்வரை தேய்த்தாள்.

"மாமாதான் சாயம் போட்டவர். ஆர் கேட்டாலும் அதுதான். விளங்கிச்சோ?"

"ஏன் பொய் சொல்லவேணும்?"

அம்மா இன்னொரு பிடி சாம்பலை அள்ளித் தேய்த்தாள்.

ஒவ்வொரு நாளும் விடிய அந்த அனுமதிக் கடிதத்தை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போவாள். மத்தியானம் வெறுங்கையோடு வருவாள். அவள் அங்கே நிற்கிற நேரத்தில் நான் என்ன செய்தேன்? கடையடிக்குப் போய், கிணற்றடிக்குப் போய், அந்தச் சாயம் என்னுடையது, மாமாவுக்குச் சாயம் போடவே தெரியாது என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டைக் கடந்து போகிற ஆட்கள் மறுபக்கத்தால் போகத் தொடங்கினார்கள். யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓடி வந்து நடுரோட்டில் என் வாயைப் பொத்தினாள். கருவாட்டு உப்பு உதட்டில் எரிந்தது. பொத்திய கையை எடுக்காமலே வீடுவரை இழுத்துப்போனாள். கோபத்தில் இழுக்கிறாள் என்று எண்ணினேன்.

பதினோராம் நாள் மாமா வந்துவிட்டார். என்னைப் பார்க்க விடவில்லை. மறுநாளே அம்மா என்னைத் தம்பலகாமத்துக்கு, தகப்பன் வழி மாமியிடம் அனுப்ப முடிவெடுத்தாள். பள்ளிக்கூடம் அதோடு சரி. மாமியின் வீட்டு உழவு மெஷினைக் கழற்றிப் பூட்டித்தான் நான் என்ஜின் படித்தேன். இந்தப் பட்டறை, வாடி, விடுதி எல்லாவற்றுக்கும் அங்கேதான் அத்திவாரம். அன்றைக்கு அது எனக்குத் தண்டனையாக இருந்தது. உண்மை சொன்னவனுக்குத் தண்டனை, பொய் சொன்னவருக்குக் கோழிச் சூப்பு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். மாமா வந்தார். வலது கைமேல் துவாயைப் போட்டிருந்தார். யன்னலுக்குள்ளால் ஒரு வடைப் பொட்டலத்தை நீட்டினார். இடது கையால் நீட்டினார்.

"கோவமோடா? உன்ர சாயம் நல்லாத்தான் பிடிச்சிருந்தது. முகாமில துவைச்சுப் பாத்தும் போகேல்லையாம்."

ஒருவருக்குச் சாப்பாட்டை இடது கையால் கொடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பெயரையும் எடுத்தார், அடித்தார், இப்போது நாய்க்குப் போடுவதுபோல இடது கையால் தருகிறார். நான் வாங்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பஸ் வெளிக்கிடும்வரை அந்தக் கை யன்னலில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது மாமா மைதானத்தில் இருந்தார், கோட்டுக்கு வெளியே, ஒரு கதிரையில். கோலுக்குள் வேறொருவன். பந்து அவர் பக்கம் உருண்டு வந்தது. குனிந்து இடது கையால் எடுத்தார். அப்போதுதான் வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல் மடங்குவதில்லை. எப்படி என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிறகு அவர் கனடாவுக்குப் போனார். ரெலிபோனில் என் ஐஸ் வாடியை விசாரிப்பார், பட்டறையை விசாரிப்பார், "பெரியவர் எப்பிடி?" என்பார். அந்த வடையைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. போன மாரியில் அங்கேயே காலமானார்.

ஆகவே மலர்க் குழுவுக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மதிலை, தண்ணீர்த் தாங்கியை, கம்பத்தை நான் கட்டினேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; வேண்டுமானால் அவ்வளவையும் வெட்டிவிடுங்கள். ஆனால் அந்த வருடத்துப் பக்கத்தில் சூழ்நிலை என்று இருக்கிற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை முழுதாகப் போடுங்கள், தகப்பன் பெயரோடு. கீழே மாமாவின் படம், கையுறை போட்டு இரண்டு கையையும் விரித்து நிற்கிற படம், என்னிடம் இருக்கிறது, தருகிறேன். சாயம் போட்டவன் நான். மாமாவுக்குச் சாயம் போடவே தெரியாது. அப்படியே எழுதுங்கள்.