கையை ஆட்டாதீங்க

"கையை நல்லா நீட்டி வைங்க. முழங்கை மடங்கக் கூடாது. ஆட்டாதீங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

முடிஞ்சுது என்று சொல்லும்போது ஊசி இன்னும் உள்ளே போயிருக்காது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியில் இருப்பவரின் தோள் தளர்ந்து இறங்கும் அல்லவா, அந்த நேரத்தில்தான் போகும். பல வருடம் சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்கும் இது தெரியாது. "எப்ப குத்தினீங்க?" என்று கேட்பார்கள். "நான் குத்தலையே, கொசு கடிச்சிருக்கும்" என்பார் அக்கா. அதிலிருந்து மருத்துவமனை முழுக்க அவருக்குக் கொசு அக்கா என்றே பெயர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ரத்தம் எடுக்கும் அறை சின்னது. ஒரு நாற்காலி, கை வைக்க ஒரு சாய்வுப் பலகை, கலர் கலர் மூடி போட்ட டியூப்கள், ஜன்னலுக்கு வெளியே வெறும் வயிற்றோடு முறைத்துக்கொண்டு நிற்கும் வரிசை. பஞ்சு உருட்டி டப்பாவில் நிரப்பி வைப்பது என் வேலை. அதனால் அவர் கைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் மட்டும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆள் அடையாளமே கையை வைத்துத்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களைப் பார்த்து என் காதோரம் சொல்வார்: "நீலச் சட்டை அண்ணனுக்கு நரம்பைப் பாரு, வாய்க்கால் மாதிரி. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்." நீலச் சட்டைக்காரர் திரும்பிப் பார்த்தால் நான்தான் தலை குனிய வேண்டியிருக்கும். அக்கா அடுத்த கைக்குப் போயிருப்பார்.

அக்காவின் மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் பந்து வந்தது. மருத்துவமனைக்குப் பின்னால், சிலிண்டர் கொட்டகைக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் நடுவில், இரண்டு விளக்குக் கம்பங்களில் வலை கட்டி நர்ஸ் பெண்கள் வாலிபால் விளையாடுவார்கள். ஒரு சாயங்காலம் பந்து உருண்டு வந்து அக்காவின் காலில் நின்றது. குனிந்து எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை என்னிடம் தந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் விளையாடியவர் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு தொடவே இல்லையாம்.

மறுநாள் கோணல் வகிடோடு வந்தார். தலை வாரக் கை தூக்க முடியவில்லை, கணவர் வாரி விட்டாராம். முன்னங்கைகள் இரண்டிலும் மிளகைத் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். தினமும் ஆடியதில் ஒரு வாரத்தில் அவை சேர்ந்து ரத்தக்கட்டாகிவிட்டன. மணிக்கட்டில், கட்டைவிரல் அடியில், முழங்கைக்குப் பக்கத்தில் என்று கண்ட இடத்தில் எல்லாம் நீலம், ஊதா, ஓரத்தில் பழுத்த மஞ்சள். ஊசி குத்திய தழும்பே தெரியாமல் ரத்தம் எடுக்கிறவருடைய கை அது.

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். "ஏம்மா, உனக்கு யாரு ரத்தம் எடுத்தது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வரிசையில் நின்ற பெண்களின் சந்தேகம் வேறு. அக்கா மதியச் சாப்பாட்டை மறந்து வந்த அன்று, பஞ்சர் கடையை விட்டுவிட்டு அவர் கணவர் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். வரிசை மொத்தமும் அவரை ஏற இறங்கப் பார்த்தது. ஓர் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "பார்த்தா நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கீங்க. கை நீட்டுற பழக்கம் எப்போலருந்து?"

அவர் உள்ளே வந்து பாத்திரத்தை வைத்தார். "பந்து அடிச்சதுன்னு ஒரு போர்டு எழுதிக் கழுத்துல மாட்டிக்க. வெளிய என் மேல கேஸ் எழுதிட்டு இருக்காங்க."

"நீங்க சிரிச்ச முகமா நடங்க. சரியாப் போயிடும்."

"சிரிச்சேன். அதுக்குத்தான் இன்னும் முறைக்கிறாங்க."

அக்கா முழுக்கைச் சட்டை போட்டு வர ஆரம்பித்தார். நீலம் மறைந்தது, வலியை எங்கே மறைப்பது? காலையில் டியூப் மூடியைத் திறக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். ஒருநாள், தோல் காகிதமாகிப்போன ஒரு வயதான அம்மாவுக்கு எடுக்கும்போது அவர் விரல் நடுங்கியது. ஊசி போயிற்று, ரத்தம் வரவில்லை. நான் அங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த அம்மா "பரவால்ல கண்ணு" என்றார். அக்கா அடுத்த ஊசியைப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஊழியரிடம் கொடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அந்த இடத்தை வெகுநேரம் அழுத்திக்கொண்டே நின்றார்.

லேப் பொறுப்பாளர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். குரல் உயர்த்தாதவர் அவர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னல்ல உட்கார வச்சிடுவேன். பந்தா ஊசியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அக்கா உடனே முடிவு பண்ணிவிட்டார். "சாயங்காலம் அந்தப் புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்று என்னையும் துணைக்கு அழைத்தார். கணவர் ஸ்கூட்டரை வேலி ஓரம் நிறுத்திக் காத்திருந்தார்.

கேப்டன் பெண், பிரசவ வார்டு நர்ஸ், எல்லாம் கேட்டுக்கொண்டாள். "சரிக்கா. இன்னிக்கு மட்டும் நில்லுங்க, ஒரு ஆள் குறையுது. மின்சார ஆபீஸோட நடக்கப்போற மேட்சுக்கு நீங்க ஸ்கோர் பார்த்துக்கலாம்."

அக்கா நின்றார். வந்த பந்தை எல்லாம் கை வீசிப் போய் அடித்தார். ஒன்று கொட்டகைக் கூரைக்குப் போயிற்று. ஒன்று டாக்டர் காரின் மேல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் சட்டைக் கைக்குள் அவர் படும் பாடு முகத்தில் தெரிந்தது. சின்னப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலி ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மாதாமாதம் சர்க்கரை பார்க்க அக்காவிடம் கை நீட்டும் அவர் கணவர், அச்சு அசலாக அக்காவைப் போலவே ராகம் போட்டார்: "கையை நல்லா நீட்டி வைங்க. முழங்கை மடங்கக் கூடாது. ஆட்டாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும், அந்தச் சொல் எங்கோ போய்த் தைத்தது போலத் தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார்.

அடுத்த சர்வீஸ் வந்தது. அக்கா முட்டியை மடக்கித் தாழ்ந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார், சாய்வுப் பலகையில் வைத்ததுபோல. வீசவில்லை. பந்தைத் தேடிப் போகவும் இல்லை. பந்துதான் அந்தக் கையைத் தேடி வந்தது. அவ்வளவு வேகமாக வந்த பந்து, பட்டதும் கோபமெல்லாம் இறங்கி, மெல்ல எழும்பி, கேப்டனின் விரல்களுக்கு மேலே போய் நின்று இறங்கியது. அது அடி வாங்கிய சத்தமே கேட்கவில்லை. இத்தனை நாள் பஞ்சு உருட்டிக்கொண்டு இந்தக் கைகளுக்கு அருகிலேயா உட்கார்ந்திருந்தேன் என்று இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. கேப்டன் பந்தை மார்போடு பிடித்துக்கொண்டு, "அக்கா, அதே மாதிரி இன்னொன்னு" என்றாள். இன்னொன்றும் அதே மாதிரி வந்தது. அதற்கடுத்ததும். வேலி ஓரத்து மனிதர் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பின் வகிடு நேரானது. விரல் நடுக்கம் நின்றது. ஆனாலும் மேடம் விடவில்லை. மேட்சுக்கு முந்தின நாள், வரிசைக்கு ஜன்னல் திறப்பதற்கு முன், தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு எடுங்க, பார்க்கலாம்." சதைப்பிடிப்பான கை, நரம்பே தென்படாது. அக்கா ரப்பர் பட்டையைக் கட்டி, ஒற்றை விரலால் தடவி, வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். டியூப் நிறைந்துகொண்டிருந்தபோது மேடம், "ம், குத்துங்க" என்றார்.

பஞ்சை வைத்து அவர் கையை மடக்கும்போது கேப்டன் ஓடி வந்தாள். "அக்கா, அந்த மின்சார ஆபீஸ்காரங்க சர்வீஸ் கல்லு மாதிரி விழுமாம். உங்களைத்தான் குறி வைப்பாங்க. கை தாங்குமா? உண்மையைச் சொல்லுங்க."

அக்கா மேடத்தைப் பார்த்தார். மேடம் தன் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பட்டனைக் கழற்றி, முழுக்கைச் சட்டையை இரண்டு பக்கமும் முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டில் இப்போது ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அடியிலும் இல்லை. இடது கையில் அரை வட்டமாக ஒரு நீலம், வலது கையில் அதே உயரத்தில் இன்னோர் அரை வட்டம். முழங்கை மடங்காமல், இரண்டு கைகளையும் ஒட்டினாற்போல நீட்டினார். பாதியும் பாதியும் சேர்ந்து, ஒரு முழுப் பந்து அங்கே இருந்தது.