அறுகம்பேயில் வாங்கிய ஒப்பம்

என்ன வேலை செய்யிறீங்க என்று மருதமுனையில் யாராவது கேட்டால் 'கொம்பியூட்டர்' என்று சொல்லித் தப்பிவிடுவேன். உண்மை நீளமானது. பத்திரங்களை ஸ்கேன் பண்ண யாரோ எழுதி இலவசமாக விட்ட ஒரு சின்ன மென்பொருளை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும்படி பொதி கட்டிப் பராமரிக்கிறவன் நான். அது நம்பியிருக்கும் இன்னொரு மென்பொருள் மாறினால் இது படுத்துவிடும். ஒட்டுப்போட்டு எழுப்ப வேண்டும். எழுப்பினால் யாருக்கும் தெரியாது.

எட்டு வருடமாக என் பொதியை லினக்ஸ்காரரின் பொதுக் களஞ்சியத்தில் நானே ஏற்ற அனுமதியில்லை. ஒரு ஜெர்மன்காரருக்கு அனுப்புவேன். அவர் பார்த்து, இரண்டு வரி குறை சொல்லி, ஏற்றிவிடுவார். நானே ஏற்றுவதென்றால், நான் கையெழுத்துக்குப் பதிலாகப் பாவிக்கும் மின்சாவி எனக்குரியதுதான் என்று, ஏற்கெனவே அனுமதி உள்ள ஒருவர் என்னை நேரில் கண்டு ஒப்பமிட வேண்டும். இந்தக் கரைக்கு யார் வரப்போகிறார்?

அந்த ஜெர்மன்காரரே வந்தார். அறுகம்பேக்கு, அலையில் சறுக்க. ஞாயிறு காலை அரை மணித்தியாலம் தருவதாக எழுதியிருந்தார்.

மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் ஆங்கிலம் பேசிப் பழகினேன். அக்கரைப்பற்றைத் தாண்டும்போது பிரமாதமாகக் கதைத்தேன். பொத்துவிலில் 'குட் மோர்னிங்' மட்டும் மிஞ்சியது.

தேத்தண்ணிக் கடையில் அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அட்டையை. அதில் இருப்பவனுக்குத் தலை நிறைய முடி, தாடி இல்லை. எனக்கு நேர்மாறு. அவனைப் போலவே கண்ணை அகல விரித்து முழித்தேன். சந்தேகம் கூடியிருக்கும்.

கடைக்காரர் பிளேன்டீயை வைத்துவிட்டுக் காதருகே குனிந்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: “காக்கா, விசா அலுவலா? என்ட மச்சானுக்கும் ஒண்டு கேட்டுப் பாருங்களேன்.”

“சும்மா இரிங்க தம்பி. எனக்கே இன்னும் கிடைக்கல்ல.”

ஜெர்மன்காரர் அட்டையைக் கீழே வைத்தார். “போன மாதம் போட்ட ஒட்டு எதற்கு?” என்று கேட்டார்.

சொன்னேன். எந்த ஆங்கிலத்தில் சொன்னேனோ தெரியாது, கையும் காலும் சேர்ந்து சொன்னது. எட்டு வருடத்தில் அந்த வேலையைப் பற்றி முதன்முதலாக வாய்திறந்து பேசியது அன்றுதான். அவர் சிரித்தார். என் சாவியின் இலக்கங்களைத் தாளில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுவிட்டு, சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் சொல்ல இருந்தது.

அன்றே மின்னஞ்சலில் ஒப்பம் வந்தது. கொஞ்ச நாளில் அனுமதியும். “வாழ்த்துக்கள், இனி நான் தேவையில்லை” என்று எழுதினார்.

உண்மைதான். இப்போது நானே கட்டுகிறேன், நானே ஏற்றுகிறேன். பன்னிரண்டாம் வரி சரியில்லை என்று சொல்ல ஆளில்லை. இத்தனை பாடுபட்டு, எனக்குக் கடிதம் எழுதிய ஒரே மனிதரை நானே வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன்.

போன கிழமை வேண்டுமென்றே ஒரு பிழை விட்டு, “ஏத்த முதல் ஒருக்காப் பாருங்களேன்” என்று அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இந்த மடையனுக்கா ஒப்பமிட்டோம் என்று அங்கே தலையில் கைவைத்திருப்பாரோ? இரண்டு நிமிடத்துக்கொரு தடவை தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.