ஒன்பதாம் விளக்கு

ஐம்பதுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் போர்டில் நாங்கள் மூன்று பெண்கள் வேலை பார்த்தோம். யாராவது ரிசீவரை எடுத்தால் போர்டில் அவர்களுடைய சிறு விளக்கு எரியும். நாங்கள் கம்பியைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு இணைத்துவிடுவோம். ஒன்பதாம் விளக்கு மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான் எரியும். பல்பை மாற்றியும் திருந்தவில்லை. கோளாறு போர்டுக்குப் பின்னால். சரிசெய்ய அரைநாள் போர்டை நிறுத்த வேண்டும். பராமரிப்பு அதிகாரியோ ஒவ்வொரு முறையும், "சின்ன ரிப்பேர்தானேம்மா, அடுத்த வாரம் பாக்கலாம். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று கன்னடம் கலந்து சொல்வார். அவருடைய அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் கிடையாது.

நாங்களும் அட்ஜஸ்ட் செய்தோம். கை ஒழிந்தபோதெல்லாம் ஒன்பதில் கம்பியைச் செருகி, "ஹலோ, யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்போம். ஷிப்ட் மாறும்போது, "ஒன்பதைப் பாத்துக்கோ" என்று சொல்லாமல் எழுந்ததில்லை. அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒன்பது, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பை ஒட்டிய முதலுதவி அறையின் லைன். ஒரு நாள் காலை போர்டு முழுக்க விளக்குகள். எங்களில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை; ஒன்பதும் எரியவில்லை. பிரஸ் ஷாப்பில் ஒரு தொழிலாளியின் கை மெஷினில் சிக்கிவிட்டது. கம்பவுண்டர் ஆம்புலன்ஸ் வேன் கேட்டு ரிசீவரில் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் அறைக்கே ஓடி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். நல்லவேளை, ஆள் பிழைத்தார், கையும் தப்பியது.

எங்களில் மூத்தவரை அக்கா என்போம். ஸ்ரீராம்புரத்துக்காரர். தற்காலிக வேலைதான்; அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "நாம நல்லா சமாளிக்கிறோம்ல, அதனாலதாண்டி இது யாருக்கும் வலிக்கல" என்றார். பிறகு லைன் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ரிப்பேர் பண்ண ஆர்டர் வேணும். ரெண்டு லைன மாத்திப் போட?"

"அதுக்கு எதுக்குக்கா ஆர்டர்? அஞ்சு நிமிஷ வேலை."

முதலுதவி அறை நல்ல விளக்குக்குப் போனது. ஒன்பதுக்கு வந்தது பராமரிப்பு அதிகாரியின் அறை. "இனிமே ஒன்பதுல யாரும் தேடிப் போய்ச் செருகாதீங்க. எரிஞ்சா எடுங்க, அவ்ளோதான்" என்றார் அக்கா.

இரண்டு நாள் தாங்கவில்லை. அதிகாரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எவ்ளோ நேரமா போனக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்? மூணு பேரும் தூங்குறீங்களா?"

அக்கா எழுந்து நின்றார். "சின்ன ரிப்பேர்தான் சார். அந்த விளக்குல உங்க லைனப் போட்டது நான்தான். முந்தி அதுல முதலுதவி ரூம் இருந்துச்சு."

எப்பேர்ப்பட்ட மனுஷி என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்காவின் வேலை போயிற்று என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அதிகாரி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தச் சட்டையோடு கம்பவுண்டர் ஓடிய கதை அவருக்கும் தெரியும். கோபம் எப்போது இறங்கியதோ, ஞாயிற்றுக்கிழமை போர்டை நிறுத்திவிடலாம் என்றார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"இதே மாதிரி நீங்க சமாளிச்சுக்கிட்டிருக்கறது வேற ஏதாவது இருக்கா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.