இருபது என்று சொன்னவன்

கால்பந்து ஆட்டக்காரர்களைக் கல்கத்தா கிளப்புகளில் சேர்த்துவிடும் தரகர் ராஜசேகரன், 1992 வாக்கில், விலை பேசுமுன் ஆளைத் திருமுல்லைவாயிலுக்குக் கூட்டிவருவார். அங்கே துலுக்கானம் இருந்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஓடும் மெஷினில் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டு, எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவான். ஆட்டக்காரர்களின் முழங்காலையும் அப்படித்தான் கேட்டான். காலை மடக்கி நீட்டச் சொல்வான். “ரெண்டு சீசன்” என்பான். அதை வைத்துத்தான் விலை.

பதினோரு பேருக்குச் சொன்னான். பதினோரு முழங்காலும் சொன்ன சீசன் முடிவில் போயின. ஒருவனுக்கு மாடிப்படி இறங்கும்போது. முதலில் பெருமையாக இருந்தது. போகப்போகச் சோறு இறங்கவில்லை. மெஷினில்கூட அவன் கணக்கு முன்னே பின்னே போகும். மனிதர்களில் தவறவே இல்லை.

பன்னிரண்டாவது ஆள், மனைவி ராணியின் தம்பி உத்தமன். முனை பட்டதுமே மணல் அரைபடும் சத்தம். ஒரு சீசன் தாங்காது. ராணி பார்த்துக்கொண்டிருந்தாள். துலுக்கானம் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான்: “நாலு.”

உத்தமன் நல்ல விலைக்குப் போனான். மூன்று சீசன் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராணி பொங்கல் வைத்தாள். துலுக்கானம் பழைய பெயர்களை விரல்விட்டு எண்ணினான். பொய்யும் பலிக்கிறதென்றால், அந்தப் பதினோரு கால்களை முறித்தது யார்?

நாலாவது சீசன் முடிய ஒரு மாதம் இருக்கையில் உத்தமனும் ராஜசேகரனும் வந்தார்கள். கோவா கிளப் ஒன்று இரட்டை விலைக்குக் கேட்கிறதாம். துலுக்கானம் காதை வைத்தான். சத்தமே இல்லை. முழங்கால் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

“இருபது” என்றான்.

ராஜசேகரன் சிரித்தார். “இருபது வருசம் குதிரையே ஓடாது, அண்ணாத்தே. மச்சான்னு அள்ளி உடறியா?” இனி இவன் வார்த்தையை எந்த கிளப்பும் நம்பாது என்று எழுந்து போய்விட்டார்.

“ஆறுன்னு சொல்லியிருந்தா ஒரு ஊடே கட்டியிருப்பேன், மாமா” என்றான் உத்தமன்.

“ஊடு போவட்டும். உனுக்கு காலு கீது.”

அந்த மாதம் கழிந்தது. கால் தாங்கி நின்றது. ஆனால் அதற்குப் பிறகு துலுக்கானம் யாருக்கும் எண் சொல்வதில்லை. அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று ராணி கேட்டால்கூட, பானையைத் திறந்து காட்டுவதோடு சரி.