தண்ணி நிக்குது

அவருக்குக் கம்பெனியில் 'அரைச்சுத்து' என்று பேர். அந்தப் பேர் அவருக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளுக்குள் பெருமைதான். வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் மாட்டுவது, கதவிலேயே குடிக்கத் தண்ணீர் வருகிற பெரிய ஃப்ரிட்ஜ் என்றால் அதற்குக் குழாய் இணைப்பும் கொடுத்துவிட்டு வருவது, இதுதான் வேலை. முதல் நாள் எந்த வீட்டிலும் வால்வை அரைச் சுற்றுக்கு மேல் திறக்க மாட்டார். "புதுக் குழாய், புது ஜாயிண்ட், பழகட்டும்" என்பார். மறுநாள் போன் செய்து, எங்கேயும் ஒழுகவில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் முழுசாகத் திறக்கச் சொல்வார். மற்றவர்கள் ஆறு வீடு முடிக்கிற நாளில் இவர் நாலு வீடு முடிப்பார். மேலாளர் கத்துவார். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

காதில் போட்டுக்கொள்ளாத பழக்கம் மேலாளரோடு நின்றிருந்தால் தேவலை. போனில் யார் பேசினாலும் பாதியிலேயே பதில் சொல்லிவிடுவார். இருபது வருஷமாக அதே நாலு கேள்விதானே, முழுசாகக் கேட்க என்ன இருக்கிறது என்பது அவர் நினைப்பு. "வால்வைத்தான் அரைச்சுத்து திறக்கறீங்கன்னு பார்த்தா, காதையும் அப்படித்தான் வச்சிருக்கீங்க" என்பாள் மனைவி. அதையும் பாதிதான் கேட்டிருப்பார்.

அன்று காலை முதல் வேலை ஒரு டீச்சரம்மா வீட்டில். ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கிற மகன் ஃப்ரிட்ஜை வாங்கி அனுப்பியிருந்தான். சமையலறையை அடுத்த அறையில் அவருடைய கணவர் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, பேச்சு அடியோடு போய்விட்டது. முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள். அதற்குக் காற்றடிக்கிற சின்ன மோட்டாரும், அதைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கட்டிலுக்கு அடியில் தரையிலேயே கிடந்தன. அம்மா சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கட்டிலைச் சமையலறை வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். அரைச்சுத்து வேலை செய்த ஒன்றரை மணி நேரமும் அந்தக் கண்கள் அவரை விட்டு நகரவில்லை.

அந்த வீட்டில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கால் இஞ்ச் வெள்ளைக் குழாயை நேராக வெட்டி, ஜாயிண்டில் அடிவரை தள்ளி, மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஃப்ரிட்ஜைச் சுவரோடு தள்ளினபோது குழாய் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் மடங்கிக் கீறல் விட்டது. அது பின்பக்கம் நடந்த சங்கதி. அவர் கண்ணில் படவில்லை.

மத்தியானம் வேறொரு வீட்டில், ஏழாவது மாடியில், சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. தோளில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி, காலையில மாட்டிட்டுப் போனீங்களே, அந்த வீட்டுலேர்ந்து பேசறேன். தண்ணி நிக்குது தம்பி."

ஃப்ரிட்ஜ் கதவில் தண்ணீர் பிடிக்கும்போது வருவது நின்றுவிடுகிறது என்று இவர் எடுத்துக்கொண்டார். முதல் நாள் எல்லா வீட்டிலிருந்தும் வருகிற புகார் அதுதான். தரையில் தண்ணீர் தேங்கி நிற்பதையும் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றவில்லை.

"உள்ள காத்து இருக்கும்மா. பாத்திரம் கழுவற தொட்டிக்கு அடியில நீலக் கைப்பிடி இருக்கு பாருங்க, அதை முழுசா திறந்து விட்டுடுங்க. சரியாப் போயிடும்."

"திறக்கவா தம்பி?"

"ஆமாம்மா, முழுசா."

மூன்று தடவை இழுத்துப் பார்த்த ஜாயிண்ட் என்ற தைரியம். இருபது வருஷத்தில் முதல் தடவையாக முதல் நாளே முழுசாகத் திறக்கச் சொல்லிவிட்டார். சொன்னதை மறந்தும்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே எண்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியே திறந்துட்டேன். இப்ப ரூம்லயும் நிக்குது."

ரூம்லயும் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வேலையை விட்டு நிமிர்ந்தார். ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது.

"அம்மா, எங்க நிக்குது?"

"தரையில தம்பி. கட்டிலுக்கு அடியில போயிடுச்சு."

"ஐயோ! அந்தக் கைப்பிடியை மூடுங்கம்மா, உடனே!"

"மூடிப் பார்த்தேனே. இறுகிப் போச்சு. எனக்கு விரல் மடங்காது தம்பி, திறக்கறதுக்கே உயிர் போச்சு."

"சரி, விடுங்க. மெயின் ஸ்விட்சை நிறுத்துங்க. கட்டிலுக்கு அடியில கரண்ட் இருக்கும்மா, தண்ணில காலை வைக்காதீங்க. அம்மா? கேக்குதா?"

கேட்கவில்லை. போன் கட்டாகியிருந்தது.

லிஃப்ட் வரவில்லை. ஏழு மாடியும் படியில் ஓடி இறங்கினார். வண்டியைக் கிளப்பும்போது ஒரு தடவை, சிக்னலில் இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்காரரிடம் "ஒரு உசுருங்க, ஒரு நிமிஷம் தூக்குங்க" என்று கெஞ்சினார். "ரயில் வருதுய்யா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் கேட்காரர். அவர் கேட்டதும் நியாயம்தான். எந்த ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற மனுஷன், ஒரு கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கடவுளே, அந்த அம்மா செருப்பாவது போட்டிருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கணுக்கால் அளவு இல்லை, ஆனாலும் கூடம் முழுக்க ஈரம். நடையில் நாற்காலி ஒன்று, அதன்மேல் துடைப்பம். மெயின் ஸ்விட்ச் கீழே இறங்கியிருந்தது. நாற்காலியில் ஏறித் துடைப்பக் கட்டையால் தட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அரைச்சுத்துக்கு மூச்சு வந்தது.

தொட்டிக்கு அடியில் கைவிட்டார். நீலக் கைப்பிடி அவர் விரலுக்கு நாலே திருப்பில் அடங்கிவிட்டது. அதற்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

கரண்ட் இல்லாமல் காற்று மெத்தை தட்டையாகிப் பெரியவர் பலகையோடு பலகையாகக் கிடந்தார். டீச்சரம்மா காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு, கணவரின் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தார். "என்னால தூக்க முடியல தம்பி. முதுகு வலிக்கும் அவருக்கு" என்றார். இருவருமாகத் தூக்கி அடியில் இரண்டு கம்பளியை மடித்துப் போட்டார்கள்.

"என்னைத் திட்டுங்கம்மா. தப்பு என்மேலதான். நீங்க சொன்னதை நான் சரியாவே கேக்கல."

"நீங்க போன்ல கேட்டீங்க, எங்கேயோ இருந்து கேட்டீங்க. நான் பக்கத்துலயே இருந்தேனே" என்றார் அவர். அழவில்லை. கணவரின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீங்க போன கொஞ்ச நேரத்துலேர்ந்து இவரு 'தண்ணி, தண்ணி'ன்னு சொன்னாரு தம்பி. தெளிவா சொன்னாரு. ஒன்றரை வருஷம் கழிச்சு வாயைத் திறந்து ஒரு வார்த்தை. எனக்குத் தலைகால் புரியல, தரையைப் பார்க்கவே தோணல. மகனுக்குக்கூட போன் போட்டுச் சொன்னேன். சமையலறைப் பக்கமே கையை வேற காட்டினாரா, புது ஃப்ரிட்ஜ் தண்ணி கேக்கறாருன்னு ரெண்டு டம்ளர் பிடிச்சு ஊட்டிவிட்டேன். மூணாவது டம்ளருக்கு வாயை மூடிக்கிட்டாரு. அப்புறம் பேசவே இல்லை."