மகள் வைத்த ஊதாப் பொட்டு

மலாயாவில் கெமாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் இதை எழுதுகிறார்.

போன மழைக்காலத்தில் பால் வெட்டும் கத்தி பட்டு அவர் கட்டைவிரல் சீழ் பிடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், கார்பாலிக் என்ற கிருமி கொல்லும் மருந்தைக் கொடுத்து, தண்ணீரில் சில சொட்டு விட்டுக் கழுவச் சொன்னார். புண் ஆறியது.

பிறகு எங்கள் கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை படர்ந்தது. துடைத்தும் போகவில்லை. பால் குடிக்க முடியாமல் வீறிட்டாள். விரலை ஆற்றிய மருந்து வாயை ஆற்றாதா என்று துணியைத் தண்ணீர் கலக்காத கார்பாலிக்கில் நனைத்தேன். அவளுக்கு எது கொடுத்தாலும் முதலில் என் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வைத்தேன். நெருப்பாய்ச் சுட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிரஸ்ஸரிடம் ஓடினேன்.

"விரல்ல சீழ் வச்சது பாக்டீரியாம்மா. இது வேற சாதி, ரப்பர் சீட்டுல பூக்குதே, அந்தப் பூஞ்சணம் மாதிரி. கார்பாலிக் கெட்டியா பட்டா கிருமியோட சதையையும் சேத்துப் பொசுக்கிடும்" என்றார். பூஞ்சணத்தைக் கொல்லும் ஊதா மருந்தைக் கொடுத்து, பிள்ளை வாயிலும் என் மார்பிலும் தடவச் சொன்னார். கொஞ்ச நாளில் வயிறாரக் குடித்தாள்.

அன்றிலிருந்து ஒரு நோவுக்குத் தந்த மருந்தை இன்னொன்றுக்கு நான் தொடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல்முறை மருந்து தடவிய காலையில், பிள்ளை அப்பா கன்னத்தில் ஊதா வாயைப் பதித்துவிட்டாள். அவர் துடைக்காமலே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார். "என்னடா மூஞ்சில?" என்றாராம் கங்காணி.

"எம் மக வச்ச பொட்டுங்க."

இதை எழுத மாட்டேன் என்றார். எழுத வைத்துவிட்டேன்.